உப்புப் போட்ட ஐஸ்

என் தங்கை வதனியின் இடது தொடையெலும்பைப் படத்தில் பார்த்த அன்று எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கிளினிக்கில் டொக்டர் இன்ஷிரா எக்ஸ்றேயை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, இடுப்புப் பொருத்துக்குச் சற்றுக் கீழே பேனையின் பின்பக்கத்தால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அந்த இடம் மட்டும் கறையான் அரித்த மரம்போல மங்கிக் கிடந்தது. புற்று வந்த மார்பை எடுத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, திரும்ப முளைத்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம். கால் உளைகிறது என்று அவள் சொன்னபோது தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

"எலும்பு எண்டுறது செத்த சாமான் இல்ல," என்றார் டொக்டர். காத்தான்குடிப் பிள்ளை. வயது முப்பதைத் தாண்டியிராது. "உடம்பு ஒவ்வொரு நாளும் பழைய எலும்ப உடைச்செடுத்துப் புதிசாக் கட்டும். உடைக்கிறதுக்கு ஒரு கூட்டம், கட்டுறதுக்கு ஒரு கூட்டம். இந்த நோய் எலும்புக்குள்ள போயி உடைக்கிற கூட்டத்த உசுப்பி விட்டிரிக்கு. கட்டுறவங்களால ஈடு குடுக்க ஏலாமக் கிடக்கு. நான் எழுதுற ஊசி அந்த உசுப்புற சத்தத்த மட்டும் மறிக்கும். உடைக்கிறவங்கட காதில விழாது. நோய அது ஒண்டும் செய்யாது. அதுக்கு வேற குளிசை இரிக்கு."

வதனி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இது கள்ளனப் பிடிக்கிற ஊசி இல்ல. கதவுக்குப் பூட்டுப் போடுற ஊசி."

டொக்டர் சிரித்துவிட்டார். "ஓம், அப்பிடி வெச்சுக்கொள்ளுங்க."

இதே வேலைக்கு நரம்பில் ஏற்றுகிற வேறு மருந்து ஒன்று இருந்தது. மற்ற நோயாளிகளுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். வதனியின் சிறுநீரகங்கள் ஏற்கனவே சோர்ந்து போயிருந்தபடியால் அது அவளுக்கு ஆகாது. இந்த ஊசி ஒன்றுதான் வழி. மாதம் ஒரு முறை, தோலுக்குக் கீழே. கல்சியம் குளிசையை விடக்கூடாது. கேளாமல் பல் பிடுங்கக் கூடாது. வாளி தூக்கக் கூடாது. விழவே கூடாது.

"இந்த எலும்பு முறிஞ்சா?" என்று கேட்டது அவளுடைய கணவர் வினாயகமூர்த்தி. அதுவரை அவர் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார்.

"முறிய விடப்படா ஐயா. இவங்கட உடம்பு ஒப்பரேசன் தாங்காது. பிறகு படுக்கைதான்."

திரும்பி வருகிற ஓட்டோ வாவிக்கரை றோட்டில் திரும்பியது. பிறகு வதனி கேட்டாள்: "படுக்கையெண்டா கக்கூசுக்கு?"

எங்கள் அம்மா கடைசியில் கிடந்த கிடையை அவளும் நானும் பார்த்தவர்கள்.

"கக்கூசுக்கு நான் நடந்து போகணும். அது போதும். மத்ததெல்லாம் கடவுள் என்னமும் செய்யட்டும். ஒரு ஆம்பிள எனக்குக் கழுவி விடுற நாளையில நான் இரிக்கப்படா."

"ஒரு ஆம்பிளையெண்டா? நானா?" என்றார் மூர்த்தி.

"பின்ன, ஓட்டோக்கார அண்ணனா? நாள் முழுக்க மீன் அளைஞ்ச கை. தள்ளி இருங்க."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். மூர்த்தியும் சிரித்தார். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அமிர்தகழியில் எங்கள் வளவில் இரண்டு வீடுகள். முன்வீடு எனக்கு, பின்வீடு அவளுக்கு என்று அம்மா பிரித்துத் தந்தபடி இருந்தோம். மூத்தவள் நான் திருமணம் செய்யவில்லை. பாடசாலை நூலகத்தில் வேலை. மூர்த்தி மாங்கேணிக்காரர். வதனியைக் கட்டிக்கொண்டு எங்கள் வளவுக்கு வந்தவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கக்கூஸ் வளவின் பின்மூலையில், கிணற்றைத் தாண்டி இருந்தது. வாசலில் ஒரு படி.

முதல் ஊசிகள் ஆஸ்பத்திரியிலேயே கிடைத்தன. மூன்றாவது ஊசிக்குப் பிறகு உளைவு குறைந்து, ஊன்றி நடக்கிற வோக்கரைச் சுவரில் சாத்திவிட்டு வெறுங்காலோடு கிணற்றடிவரை போய்வந்தாள். மூர்த்தி பின்னால் போவார்.

"இஞ்சேருங்க, பொலிஸ் மாதிரி என்னத்துக்குப் பின்னால வாறீங்க?"

"நான் பல்லு விளக்கப் போறன்."

"மூணாந்தரமா?"

கக்கூஸ் கதவு சாத்தப்பட்டதும் அவர் கிணற்றுக் கட்டின்மேல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். கதவு திறக்கிற சத்தம் கேட்டால் எழுந்து வேறு பக்கம் போய்விடுவார். அவள் தானே போய்த் தானே வந்ததாக இருக்க வேண்டும் அல்லவா?

நாடு கெட்டுப்போன வருடம் அது. முதலில் காஸ் இல்லை, பிறகு பெற்றோல் இல்லை, பிறகு மின்சாரம் இல்லை. வைகாசியில் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் இன்ஷிரா கையை விரித்தார். அந்த ஊசி ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. கொழும்பிலும் இல்லை என்கிறார்களாம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"விட்டா என்ன நடக்கும்?" என்று நான் கேட்டேன்.

"இந்த ஊசிய இடையில நிப்பாட்டினா, மறிச்சு வெச்சது ஒரேயடியாத் திறந்து விட்ட மாதிரி ஆகும். வெளியில கண்டா வாங்கிட்டு வாங்க. பிரிஜ்ஜில வைக்கிற மருந்து. வழியில குளிர் விடப்படா."

ஒரு மாதம் ஊசியில்லாமல் போனது. வோக்கர் சுவரிலிருந்து கைக்கு வந்தது. இடுப்பிலிருந்து முழங்கால்வரை இழுக்கிறது என்று சொல்லாமல், பாயை மாற்று, தலையணையை மாற்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூர்த்தி வாவிக்கரையில் மீன் வாடியில் வேலை செய்தார். ஏறாவூர் றம்ஸீனுடைய வாடி. வாவியிலும் கடலிலும் படுகிற மீனும் இறாலும் அங்கே வந்து சேரும். ஐஸ் போட்டுக் கட்டி லொறியில் கொழும்புக்கு அனுப்புவார்கள். கட்டுகிறவர் மூர்த்தி. அவர் கட்டிய பெட்டி அங்கே பேலியகொடைச் சந்தையில் திறக்கும்போது மீன் கண் முழித்துக்கொண்டிருக்கும் என்று றம்ஸீன் சொல்வதுண்டு. ஊசியைத் தேடிப் பிடித்ததும் றம்ஸீன்தான். கொழும்பில் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு பாமசியில் ஒரேயொரு குப்பி இருக்கிறது என்று அறிந்து, எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கே வந்தார்.

"மூர்த்தியண்ணன், இண்டைக்கு லொறி போகுது. நீங்களும் ஏறுங்க. குப்பிக்கு நான் பொறுப்பு. டீசலுக்கு அல்லாஹ்தான் பொறுப்பு."

"லொறிக்குள்ள மீனோட மீனா இவரையும் வித்துராதீங்க தம்பி," என்றாள் வதனி உள்ளே இருந்து.

"வாங்குறதுக்கு ஆள் வேணுமே தங்கச்சி!"

மூர்த்தி அன்று பின்னேரம் போனார். அடுத்த நாள் பேசினார், மருந்து கையில் கிடைத்துவிட்டது என்று. அதற்குப் பிறகு போனில் ஆளில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வதனி வோக்கரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்வந்தாள். பின்னால் போவதற்கு நான் இருந்தேன். எனக்கு அவரைப்போல ஒளிந்து காவல் காக்கத் தெரியவில்லை. "நீயும் பல்லு விளக்கவா?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் லொறிச் சத்தம் கேட்டது. மீன் கட்டுகிற றிஜிபோம் பெட்டியொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு மூர்த்தி வந்தார். கண் இரண்டும் சிவந்து, சட்டையெல்லாம் உவர்நீர். நான் பெட்டியை வாங்கப் போனேன்.

"தொடாதீங்க மச்சாள். திறந்தாக் குளிர் போயிரும். ஆஸ்பத்திரியிலதான் திறக்கிற."

"குளிச்சிட்டு வாங்க," என்றாள் வதனி. "மீன் மணத்துக்கு ஊசி போடுற மிஸ் ஓடிருவா." ஆனால் அவர் குளிக்கும்வரை அவள் அந்தப் பெட்டியின் மூடியில் கைவைத்துக்கொண்டு இருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அவளை அப்படிக் கண்டு நாளாகியிருந்தது.

கிளினிக்கில் தாதி பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்தினார். "ஐயா, இறாலா கொண்டு வந்தீங்க?" உள்ளே ஐஸ் ஏறக்குறையக் கரைந்து கலங்கல் நீராகியிருந்தது. அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பொலித்தீன் பைகள். கடைசிப் பைக்குள் சிறிய மருந்துப் பெட்டி, ஈரம் படாமல். தாதி குப்பியை எடுத்துத் திகதியைப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. "சரி," என்று ட்றேயில் வைத்துவிட்டு ஊசியைப் பிரித்தார். வதனி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

டொக்டர் இன்ஷிரா அருகே வந்து, சும்மா பேச்சுக்குப்போலத்தான் கேட்டார்: "இந்த டீசல் பஞ்சத்தில எப்பிடி ஐயா கொண்டு வந்தீங்க?"

மூர்த்திக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. யாராவது கேட்கமாட்டார்களா என்று வழியெல்லாம் காத்திருந்தவர்போலத் தொடங்கினார்.

"அத ஏன் கேக்கிறீங்க டொக்டர்! பாமசிக்காரர் சின்னப் பையில ஒரு கையளவு ஐஸ் வெச்சுத் தந்தார். சிங்களத்தில நிறையச் சொன்னார். எனக்குத் தெரிஞ்ச சிங்களம் மீன் நிறுக்கிற சிங்களந்தானே. பாதி வழியில, ஹபறணையில டீசல் முடிஞ்சி லொறி நிண்டிற்று. வரிசை ஊர் தாண்டி நிக்குது. விடிஞ்சதிலிருந்து வெயில். பையில கை வெச்சுப் பாக்கிறன், ஐஸ் தண்ணியாப் போயிற்று. எனக்கு உசிரு போயிற்று. பிறகு நடந்து போயி ஒரு மீன் கடையில ஐஸ்கட்டி வாங்கினன். நுணுக்கா அடிச்சி, நடுவில மருந்த வெச்சி, அடுக்குக்கு அடுக்கு கல்லுப்புத் தூவினன். வெறும் ஐஸ் காணாது டொக்டர். உப்புப் போட்டாத்தான் குளிர் இறங்கும். சும்மா ஐஸில நனையிற இறால் உப்பு ஐஸில விறைக்கும். நம்மட தொழில் அது. பயத்தில எடுத்து எடுத்துப் பாத்தன். குப்பி கல்லு மாதிரி நிண்டது. இஞ்ச வரப் போகத்தான் கொஞ்சம் இளகினது."

டொக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. தாதி ஊசிக் குழாயை மருந்தில் குத்தப் போன கையை நிறுத்தியிருந்தார்.

"குப்பி கல்லு மாதிரியா? மருந்து உறைஞ்சதா?"

"ஓம். நல்லா. குலுக்கினா அசையல்ல."

டொக்டர் குப்பியை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார். "ஐயா, இது உறையப்படாத மருந்து."

"இப்ப இளகிற்றே. பாருங்க, எவ்வளவு தெளிவு."

"தெளிவாத்தான் இரிக்கும். ஒருக்கா உறைஞ்சா உள்ளுக்குள்ள குலைஞ்சு போயிரும். அவிச்ச முட்டையத் திரும்பப் பச்சையாக்க ஏலாதே, அது மாதிரி."

"மீன் கெடுறல்ல டொக்டர் உறைஞ்சா."

"இது மீன் இல்ல ஐயா," என்றார் டொக்டர். மிகவும் மெதுவாகத்தான் சொன்னார்.

மூர்த்தி எங்களைப் பார்த்தார். பிறகு திரும்பவும் டொக்டரிடம், "போடுங்க. வேலை செய்யாட்டிப் பரவாயில்ல. போட்டு விடுங்க," என்றார்.

"பழுதான மருந்த நான் போட ஏலாது. உடம்பு வேற மாதிரி எதிர்த்தாலும் எதிர்க்கும்."

"நான் வாய் திறக்காம இருந்திருந்தா?"

"போட்டிருப்பன்," என்றார் டொக்டர். "போட்டாச்சு எண்டு எல்லாரும் நெனைச்சுக்கொண்டு இருந்திருப்பம்."

மருந்துப் பெட்டியின் ஒரு பக்கத்தில், உறைய விடக்கூடாது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. நான் அதை வாசித்தேன். "எந்த இடத்தில?" என்று மூர்த்தி கேட்டார். காட்டினேன். அவர் அந்த எழுத்துக்கள்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார். வதனி சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"வாங்க போவம்," என்றாள். "ஒங்கட புண்ணியத்தில ஒரு குத்துத் தப்பினன்."

யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்யாதது எது என்று சொல்லத் தெரியவில்லை. றம்ஸீன் கொழும்பில் கேட்காத இடமில்லை. நான் வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவிகளுக்கெல்லாம் எழுதினேன். லண்டனில் ஒருத்தி விசாரித்துவிட்டு, மருத்துவச் சீட்டில்லாமல் தரமாட்டார்கள், தந்தாலும் குளிரோடு அனுப்ப வழியில்லை என்று எழுதினாள். அந்த மருந்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் போனில் வாசித்தேன். எலும்புக்குள் நடக்கிற காரியம் எனக்கு இப்போது நன்றாக விளங்கியது. விளங்கி என்ன செய்ய? மின்சாரம் போகும், போனில் சார்ஜ் முடியும், விளக்கில்லாமல் உட்கார்ந்திருப்பேன். பின்வீட்டிலிருந்து வோக்கர் சிமெந்துத் தரையில் ஊன்றுகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு ஊன்றலையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூர்த்தி வாடிக்குப் போவார், வருவார். அவருடைய பேச்சு குறைந்துவிட்டது. கிணற்றுக் கட்டின்மேல் உட்காருவதை மட்டும் விடவில்லை. கதவு திறந்த பிறகும் எழுந்து போகாமல் அங்கேயே இருப்பார். வதனியும் ஒன்றும் சொல்வதில்லை.

மாமாங்கக் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. ஒலிபெருக்கிப் பாட்டுக்கு மேலாக அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டிராது. மூர்த்தியின் குரல்தான் கேட்டது. நான் ஓடிப்போனபோது கக்கூஸ் படியில் அவர் அவளை மடியில் தாங்கிக்கொண்டு இருந்தார். வோக்கர் நிமிர்ந்து நின்றது.

"நான் விழல்ல அக்கா," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். முகமெல்லாம் வியர்த்து வெளிறியிருந்தது. "சத்தியமா விழல்ல. திரும்பினன். திரும்பத்தான் செஞ்சன். அதுவா முறிஞ்சிற்று."

யாரோ குற்றம் சாட்டியதுபோல ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

எலும்பு டொக்டர் பார்த்தார். மயக்க மருந்து டொக்டர் பார்த்தார். முன்பு சொன்னதையே சொன்னார்கள்: கத்தி வைத்தால் மேசையிலிருந்து திரும்பமாட்டாள். காலில் பட்டி கட்டிப் பாரம் தொங்கவிட்டார்கள். வலிக்கு மோர்பின். அந்த வாரக் கடைசியிலே, ஆஸ்பத்திரிக்கு அந்த ஊசி வந்து சேர்ந்தது. எங்கேயோ ஒரு நாடு நன்கொடையாகக் கொடுத்ததாம். அதே தாதி சின்ன நீலப் பெட்டியில் கொண்டுவந்து வதனியின் கையில் போட்டார். இனி மற்ற எலும்புகளையாவது காக்கும் என்றார்கள். வதனி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள்.

பெண்கள் வாட்டில் ஆண்களைப் பார்வை நேரத்தில்தான் விடுவார்கள். அன்று மணி அடித்து வெளியே வந்தபின் மூர்த்தி நேரே டொக்டர் இன்ஷிராவிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"உப்பாலதான் முறிஞ்சதா?" என்று கேட்டார்.

"சொல்ல ஏலாது ஐயா. ஊசி போட்டிருந்தாலும் முறிஞ்சிருக்கலாம். போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் தாங்கியும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

மூர்த்தி தலையாட்டினார். விளங்கிக்கொண்டவர்போலத்தான் இருந்தது. பிறகு கேட்டார்: "இல்ல டொக்டர், உப்பாலதானா?"

அடுத்த நாள் காலை, வதனியை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது டொக்டர் வாட்டைச் சுற்றி வந்தார். வதனி அவரைக் கட்டிலுக்குக் கிட்ட வரச் சொன்னாள்.

"மகள், எனக்காக அவருக்கிட்ட ஒண்டு சொல்லுவீங்களா? எலும்பு முந்தியே போயிற்று, அந்த ஊசி நல்லா இருந்திருந்தாலும் பிரயோசனமில்ல எண்டு. ஒங்கட வாயால சொன்னா நம்புவார்."

டொக்டரின் கண் நிறைந்தது. "எனக்குத் தெரியாததத் தெரிஞ்ச மாதிரிச் சொல்ல ஏலாதம்மா," என்றார். வதனியின் கையை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போனார். மூர்த்தி தன்னிடம் கேட்டதை அவர் வதனியிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்வீட்டு விறாந்தையில் கட்டில் போட்டோம். பெட்பான் வைப்பது, எடுப்பது, கழுவுவது எல்லாம் நான். மூர்த்தியை அவள் நெருங்க விடுவதில்லை. பாடசாலை கிழமையில் சில நாட்கள்தான் நடந்த காலம் அது. அந்த நாட்களில் விடிந்ததிலிருந்து நான் திரும்பி வரும்வரை அவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் வரும் என்ற பயம். சிறுநீரகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். உதடு வெடித்து, வாய் உலர்ந்து கிடப்பாள். மூர்த்தி தம்ளரோடு கட்டிலடியில் நிற்பார்.

"கொஞ்சம் குடி புள்ள."

"பிறகு குடிக்கன்."

"பிறகு எப்ப?"

"அக்கா வரட்டும்."

ஏன் என்று அவருக்குத் தெரியும். தம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கொண்டுவருவார். அந்த வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும் வேலை அதுதான். அவள் தாகத்தோடு கிடப்பது, அவர் தண்ணீரோடு நிற்பது, நான் இரண்டையும் பார்த்துவிட்டுப் பாடசாலைக்குப் போவது.

அவள் ஐப்பசி மழை தொடங்கியபோது போய்விட்டாள். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. புரட்டாதியில் ஒரு காலையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

நான் பாடசாலைக்குப் போகச் சேலை உடுத்திக்கொண்டு அவளைப் பார்க்க வந்தேன். மூர்த்தி வாடிக்குப் போகவில்லை. இரண்டு மூன்று நாளாகவே போகவில்லை. றம்ஸீன் ஆள் அனுப்பிக் கேட்டும் போகவில்லை. விறாந்தைத் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. வதனி அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். முதல்நாள் இரவெல்லாம் அவர் தூங்கவில்லை என்று கண் காட்டியது.

"இஞ்சேருங்க," என்றாள். "ஒங்களுக்கு ஒண்டு சொல்ல மறந்து போயிற்றன். வாட்டில வெச்சு டொக்டர் சொன்னா. எலும்பு முந்தியே உக்கிப் போயிற்றாம். சித்திரையிலயே. அந்த ஊசிய ராசா மாதிரிக் கொண்டுவந்து போட்டிருந்தாலும் ஒண்டும் நடந்திராதாம். உப்புக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்."

மூர்த்தி தலையை நிமிர்த்தினார். "யாரு சொன்ன?"

"இன்ஷிரா டொக்டர்."

"எப்ப?"

"ஒங்கள வாட்டுக்குள்ள விடாத நேரம். அக்காவும் இருந்தவ. கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. டொக்டர் அவரிடம் என்ன சொன்னார் என்பதைக் கேட்டவள் நான். வதனியிடம் என்ன சொன்னார் என்பதைக் கேட்டவளும் நான். இரண்டும் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அவள் கண்ணும் என்மேல்தான் இருந்தது.

"ஓம் மச்சான்," என்றேன். "நானும் கேட்டன்."

வாவிப் பக்கமிருந்து இயந்திரத் தோணியொன்று போகிற சத்தம் வந்து மறைந்தது. மூர்த்தி முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார்.

"அப்ப சரி," என்றார். "டொக்டர் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்."

"சரிதானே. தண்ணி தாங்க."

அவர் எழுந்து தம்ளரை எடுத்துவந்தார். அவள் தலையைத் தூக்கி முழுவதையும் குடித்தாள். பிறகு இன்னொரு தம்ளர் கேட்டாள். அதையும் நின்று நின்று குடித்து முடித்தாள். நான் கைப்பையை இறக்கி வைக்கப் போனேன்.

"நீ என்னத்துக்கு நிக்கிற? நீ பள்ளிக்கூடம் போ அக்கா."

"கொஞ்சம் நிண்டு போறன்."

"தேவையில்ல. இவர் இரிக்கார்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கழுத்து நரம்பு இழுபட்டிருந்தது.

"போங்க மச்சாள்," என்றார் மூர்த்தி. "பஸ் போயிரும்."

வாசற் படலைவரை போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை. றோட்டில் பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் என்னைப் பார்த்து, வாறதா என்று கையைக் காட்டினான். பஸ் போய்விட்டது. போகவும் முடியாமல், திரும்பி உள்ளே வரவும் முடியாமல், படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் விறாந்தையிலிருந்து பெட்பானின் தகரச் சத்தம் கேட்டது. ஏதோ கவிழ்ந்தது. மூர்த்தி பதறி என்னவோ கேட்டார், இடுப்பை எந்தப் பக்கமாகத் தூக்குவது என்று. அவள் வலியில் ஒருமுறை கத்தினாள். பிறகு அவளுடைய குரல், மெல்லிய குரல்தான், ஆனால் எனக்குக் கேட்டது.

"இஞ்சேருங்க, கண்ண ஏன் மூடுறீங்க? மூடிக்கொண்டு எப்பிடிக் கழுவுற? திறங்க. பாத்துச் செய்யுங்க."